மக்காச்சோளம் ஏக்கருக்கு 25 மூட்டைய தாண்ட மாட்டேங்குது, விதைய மாத்துனா சரியாகுமா?

பெரம்பலூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, நாலஞ்சு வருஷமா மக்காச்சோளம் போடுறோம், விதைக்கடைல 40 மூட்டை எடுக்கலாம்னு சொல்லித்தான் பாக்கெட்ட குடுக்குறாங்க, எங்களுக்கு 22, 25க்கு மேல வந்ததில்ல. வருஷா வருஷம் கம்பெனிய மாத்திப் பாத்தாச்சு. நிஜமாவே நல்ல ரகம் எது? இத்தனை வருஷம் ஆராய்ச்சி நடக்குதே, அதுல எங்க கைக்கு என்ன வந்திருக்கு?"

தம்பி, ஒரு ரகத்தோட பேரைச் சொல்லி முடிச்சுடலாம், ஆனா அது உங்களுக்கு உதவாது. நான் பயிர்ப்பெருக்கம் படிச்சவன், ரகம்தான் என் தொழில், அதனால ரகத்த குறைச்சு பேசுறேன்னு நினைக்காதீங்க. 40க்கும் உங்க 25க்கும் நடுவுல இருக்குற அந்த 15 மூட்டை (மூட்டைன்னா 100 கிலோ) எங்க போகுதுன்னு பாத்தா பெரும்பகுதி மூணு இடத்துலதான் போகுது. வயல்ல நிக்கிற செடி எண்ணிக்கை, முதல் ஒரு மாசத்துல வர்ற நோயும் புழுவும், அப்புறம் பூ எடுக்குற சமயத்துல தண்ணி. இந்த மூணையும் தாங்குற மாதிரி செடிய மாத்துறதுதான் ஆராய்ச்சி இதுவரைக்கும் செஞ்ச வேலை, பெரிய கதிர் வரவெக்கிறது இல்ல. இது பலருக்கு தெரியாததாலதான் கடைல போஸ்டர்ல இருக்குற முழங்கை நீளக் கதிரைப் பாத்து விதை வாங்குறாங்க.

இதுக்கு நல்ல ஆதாரம் அமெரிக்காவோட கணக்கு. 1866ல இருந்து 1930கள் நடுப்பகுதி வரைக்கும் அங்க சராசரி மகசூல் ஹெக்டேருக்கு ஒன்றரை டன் பக்கத்துலயே நகராம கிடந்துச்சு, நம்ம கணக்குல ஏக்கருக்கு ஆறு, ஆறரை மூட்டை. இன்னைக்கு அது 11 டன், அதாவது ஏக்கருக்கு 44 மூட்டைக்கு பக்கம். டொனால்ட் டுவிக்னு பயனியர் விதைக் கம்பெனில ரொம்ப காலம் இருந்த ஒரு பிரீடர், அதாவது புது ரகம் உருவாக்குறவர், 1930கள்ல இருந்து பத்து பத்து வருஷத்துக்கு வந்த ஹைபிரிட் (வீரிய ஒட்டு) ரகங்களையெல்லாம் எடுத்து ஒரே வயல்ல பக்கத்து பக்கத்துல போட்டு, இடைவெளிய மாத்தி மாத்தி வெச்சு பாத்தாரு. செடிய நல்லா தள்ளித்தள்ளி வெச்சு எந்தக் குறையும் இல்லாம வளர்த்தா பழைய ஹைபிரிட்டும் புதுசும் ஒரு செடிக்கு குடுக்குற விளைச்சல்ல பெரிய வித்தியாசமே இல்ல. நெருக்கமா நட்டப்பதான் வித்தியாசம் வந்துச்சு, பழசு கதிரே வெக்காம மலடா நின்னுச்சு இல்ல சாஞ்சு படுத்துச்சு, புதுசு அந்த நெருக்கத்துலயும் செடிக்கு ஒரு கதிர் ஒழுங்கா குடுத்துச்சு. ஹெக்டேருக்கு 30,000 செடி நட்டுக்கிட்டிருந்த ஊர்ல இப்ப 80,000 நடுறாங்க. கூடுன மகசூல்ல ஏறக்குறைய பாதி ரகத்தால, மீதி உரம், களை, நடவு முறையாலன்னு அவர் கணக்கு போட்டாரு. அதுலயும் ரெண்டையும் பிரிக்க முடியாது, ஏன்னா நெருக்கம் தாங்குற செடி வந்ததாலதான் நெருக்கி நட முடிஞ்சுது, நெருக்கி நட்டதாலதான் அந்தச் செடிக்கு மதிப்பு.

இத உங்க வயலுக்கு கொண்டு வருவோம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற இடைவெளி 60க்கு 25 சென்டிமீட்டர், ஏக்கருக்கு ஏறக்குறைய 27,000 செடி. ஒரு சாதாரண நல்ல கதிர்ல 14 வரிசை, வரிசைக்கு 30 மணி, மொத்தம் 420 மணி. 100 மணி 28 கிராம்னு வெச்சா கதிருக்கு 118 கிராம் வரும், செடி 26,000 நின்னுச்சுன்னா 30 மூட்டை. அவ்வளவுதான், இதுல அதிசயக் கதிர் எதுவும் இல்ல. இதே கதிர், செடி மட்டும் 19,000 நின்னா 22 மூட்டை. உங்க நம்பர் இப்ப எங்கிருந்து வருதுன்னு தெரியுதா?

அதனால அடுத்த பட்டத்துல முதல்ல இத பண்ணுங்க. ஒரு கயித்த 6 மீட்டர் 75 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிக்கங்க. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் விட்டு நட்டிருந்தா அந்த கயிறு நீளத்துக்கு ஒரு வரிசைங்குறது ஒரு ஏக்கர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. விதைச்ச 20வது நாள் வயல்ல ஏழெட்டு இடத்துல, ஓரத்த விட்டுட்டு, நல்லா இருக்குற இடம் மட்டும்னு பொறுக்காம, கயித்த போட்டு செடிய எண்ணுங்க. 26 இருந்தா ஏக்கருக்கு 26,000. நம்ம பக்கம் மானாவாரி கரிசல்ல எண்ணுனா 17, 18, 20னுதான் பல இடத்துல நிக்கும். டிராக்டர்ல விதைக்கிறப்ப குழாய் அடைச்சது, மயிலும் காட்டுப்பன்னியும் கிளறுனது, ஆழம் அதிகமாகி முளைக்காம போனது, நடவு முடிஞ்ச மறுநாளே அடிமழை பேஞ்சு தண்ணி நின்னு அழுகுனது, எல்லாம் சேந்து அப்படி ஆகுது. மக்காச்சோளம் நெல்லு இல்ல, கோதுமையும் இல்ல, பக்கத்துல ஒரு செடி செத்தா தூர் கட்டி அந்த இடத்த நிரப்பாது. போன செடி போனதுதான். 8 கிலோ விதை ஏக்கருக்கு, 4 சென்டிமீட்டர் ஆழம், ஈரம் சரியா இருக்கணும், 7, 8 நாள்ல முளைக்காத இடம் பாத்து மறுபடி விதை ஊனணும். 15 நாள் கழிச்சு ஊனுற செடி பக்கத்து செடி நிழல்ல நின்னு கதிரே வெக்காது, களை மாதிரி உரத்த மட்டும் சாப்பிடும், அது வேண்டாம்.

சரி, ரகத்துக்கு வருவோம். மக்காச்சோளத்துல ஆண் பூ உச்சில, கதிர் இடுப்பு உயரத்துல, மகரந்தம் காத்துல பறக்குற பயிர், அதனால இயற்கையா எல்லாம் கலந்து கட்டித்தான் இருக்கும். 1908ல ஜார்ஜ் ஷல்னு ஒரு அமெரிக்கர் ஒரே செடியோட மகரந்தத்த அதே செடிக்கு போட்டு தலைமுறை தலைமுறையா கொண்டு போன சோதனைய வெளியிட்டாரு. செடி குட்டையாகி நோஞ்சானா ஆகிடுது, ஆனா அப்படி ரெண்டு நோஞ்சான் வரிசைய (இங்க வரிசைன்னா வயல் வரிசை இல்ல, இப்படி சுத்தமாக்குன ஒரு பரம்பரை) எடுத்து ஒட்டு சேத்தா பிள்ளைச் செடி ரெண்டு பேரையும் தாண்டி எழும்புது. வீரிய ஒட்டுங்குறது இதுதான். ஆனா நோஞ்சான் தாய்ச் செடில விதை எடுத்து யாருக்கு கட்டுபடியாகும்? பத்து வருஷம் கழிச்சு டொனால்ட் ஜோன்ஸ் நாலு வரிசைய ரெண்டு கட்டமா சேக்குற டபுள் கிராஸ் கொண்டு வந்தாரு, அப்புறம்தான் விதை விலை விவசாயிக்கு எட்டுச்சு. நம்ம நாட்டுல 1957ல ஐசிஏஆர், அதாவது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், ஆரம்பிச்ச முதல் அகில இந்திய ஒருங்கிணைந்த பயிர்த் திட்டமே மக்காச்சோளத்துக்குத்தான், நெல்லுக்கும் கோதுமைக்கும் அதுக்கப்புறம்தான். 1961ல கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் மாதிரி ஹைபிரிட்கள் வந்துச்சு. ரெண்டே வரிசைய சேக்குற சிங்கிள் கிராஸ் இந்தியாவுல 1995லதான், பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தோட பாரஸ். இப்ப நீங்க வாங்குறது கிட்டத்தட்ட எல்லாம் சிங்கிள் கிராஸ்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல வந்த கோ 6 ரகம்கூட யுஎம்ஐ 1200, யுஎம்ஐ 1230ங்குற ரெண்டு வரிசைய சேத்ததுதான், 110 நாள் பயிர்.

அறுவடைல இருந்து அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து வெக்கலாமான்னு சிலர் கேப்பாங்க, அதையும் இங்கயே சொல்லிடுறேன், வேண்டாம். ஒட்டு விதைல இருந்து எடுத்த அடுத்த தலைமுறைல ஒரு செடி உசரம் ஒரு செடி குட்டை, பூ ஒண்ணு முன்ன ஒண்ணு பின்ன, நோய் எதிர்ப்பும் சிதறிப்போகும், மகசூல் கண்ணு முன்னாடி குறையும்.

அந்த நோஞ்சான் வரிசைய சுத்தமா எடுக்க ஆறேழு தலைமுறை பிடிக்கும், ஒரு பிரீடரோட வாழ்க்கைல அது எவ்வளவு பெரிய நேரம். இப்ப டபுள்டு ஹாப்ளாய்டுன்னு ஒரு முறை இருக்கு. ஒரு விசேஷ ஆண் வரிசையோட மகரந்தத்த போட்டா கொஞ்சம் விதைல அப்பாவோட குரோமோசோம் சேராம தாயோடது மட்டும் இருக்கும், அந்த விதை மேலெல்லாம் ஊதாவா இருந்தும் உள்ள முளைக்கருல ஊதா இருக்காது, அத வெச்சு பொறுக்கி எடுத்து கால்ச்சிசின்ங்குற மருந்துல நனைச்சு குரோமோசோம ரெட்டிப்பாக்குறாங்க. ரெண்டு மூணு பருவத்துல சுத்தமான வரிசை ரெடி. இதுக்குன்னே கர்நாடகாவுல குனிகல்ல, பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தோட சேந்து சிமிட் ஒரு கூடம் 2021 டிசம்பர்ல திறந்துச்சு. சிமிட்ங்குறது மெக்சிகோவுல தலைமையிடம் வெச்சிருக்குற சர்வதேச மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி மையம். இனி உங்களுக்கு வர்ற ரகங்கள் முன்னவிட சீக்கிரமா வரும்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

இப்ப நோய். இதுலதான் நான் கொஞ்ச நேரம் நிக்கப்போறேன், ஏன்னா நம்ம மண்ணுல மக்காச்சோளம் நிக்கிறதுக்கே இந்த வேலைதான் காரணம், ஆனா இதப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. அடிச்சாம்பல் நோய். கேள்விப்பட்டிருப்பீங்க, பல பேரு பாத்தும் அதுதான்னு தெரியாம உரக்குறைன்னு நினைச்சு யூரியா போடுறாங்க. ரெண்டு மூணு வாரச் செடில இலை அடிப்பக்கத்துல இருந்து வெளிறிப்போய் நீளக்கோடு கோடா மஞ்சளாகும், இலை குறுகி நெட்டுக்குத்தா நிக்கும். அத உறுதி பண்ணனும்னா விடிகாலைல போங்க, பனி காயுறதுக்குள்ள. இலையத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, வெள்ளையா மெலிசா பூத்திருக்கும், விரல்ல தொட்டா ஒட்டும். ஒம்பது மணிக்கு மேல போனா அது தெரியாது, வெயில்ல காஞ்சுடும். அந்தப் பூஞ்சை ராத்திரி ஈரத்துலதான் வித்து (பூஞ்சை பரவுற நுண்ணிய விதை) விடும், விடியறதுக்குள்ள பக்கத்துச் செடிக்கு போயிடும். பெருசான செடில ஆண் பூ இருக்க வேண்டிய இடத்துல இலையா கொத்தா முளைச்சு நிக்கும், கதிர் கிடையாது.

நம்ம பக்கம் இந்த நோய் சோளத்துல வர்றதும் மக்காச்சோளத்துல வர்றதும் ஒரே பூஞ்சைதான். சோளம் பரம்பரையா இருக்குற பூமி, மண்ணுலயும் அதோட வித்து வருஷக்கணக்குல உயிரோட கிடக்கும், அதனால தமிழ்நாடும் கர்நாடகாவும் இதுக்கு பேர்போன இடம். வடக்க நல்லா விளைஞ்ச ஒரு ரகத்த கொண்டு வந்து இங்க போட்டா காலி ஆகுறதுக்கு இது ஒண்ணு போதும்.

கோயம்புத்தூர்ல இத எப்படி சோதிக்கிறாங்கன்னு கேளுங்க. நோய்க்கு உடனே மசியுற ரகத்த மூணு நாலு வாரம் முன்னாடியே வயல்ல வரிசையா விதைச்சு, அதுல நோய வேணும்னே ஏத்துறாங்க. அது நல்லா பூத்து வித்து விடுற நேரம் பாத்து, அந்த வரிசைகளுக்கு நடுவுல சோதிக்க வேண்டிய நூத்துக்கணக்கான பரம்பரைகள விதைக்கிறாங்க. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு எழுந்து இலைல இருந்து வித்தக் கழுவி எடுத்து, விடியறதுக்குள்ள இளஞ்செடி மேல தெளிக்கிற வேலையும் உண்டு. அதுல எது பச்சையா நிக்குதோ அதுதான் அடுத்த கட்டத்துக்கு போகும். நீங்க வாங்குற பாக்கெட்டுக்கு பின்னாடி இந்த ராத்திரி வேலை இருக்கு.

இதோட எதிர்ப்பு நமக்கு எங்கிருந்து வந்துச்சுங்குறதும் தெரிஞ்சுக்க வேண்டியது. 1960கள் கடைசில தாய்லாந்துல அடிச்சாம்பல் நோய் வந்து மக்காச்சோளத்தையே அழிக்கப் பாத்துச்சு. அங்க இருக்குற கசெட்சார்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க பிலிப்பைன்ஸ்ல இருந்து எதிர்ப்பு உள்ள ரகங்கள கொண்டு வந்து தங்களோட கலவையோட சேத்து, நோய் வயல்ல திரும்ப திரும்ப பொறுக்கி, 1975ல சுவான் 1னு ஒரு ரகம் வெளியிட்டாங்க. அது ஹைபிரிட்கூட இல்ல, விதை எடுத்து வெச்சுக்கிற ரகம். அதோட ரத்தம் ஆசியா முழுக்க, ஆப்பிரிக்காவுக்கும் போச்சு. பின்னாடி மரபணு அடையாளம் வெச்சு தேடுனப்ப, இந்தியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியான்னு வேற வேற பூஞ்சை இருக்குற நாட்டுலயெல்லாம் 6வது குரோமோசோம்ல ஒரே பகுதி எதிர்ப்பு குடுக்குறது தெரிஞ்சுது. இப்ப டிஎன்ஏவ பாத்தே அந்தப் பகுதி இருக்குற செடிய முளைக்கிறப்பவே பொறுக்கலாம்.

உங்க கைல இருக்குற வேலை: விதை மெட்டலாக்சில்ங்குற பூஞ்சை மருந்துல நேர்த்தி பண்ணதான்னு பாக்கெட்ட பாருங்க, இல்லன்னா கிலோவுக்கு 6 கிராம் கலந்து விதைங்க. முதல் ஒரு மாசம்தான் ஆபத்து, அத தாண்டுன செடிக்கு இந்த நோய் பெருசா ஏறாது. நோய் கண்ட செடிய பிடுங்கி வயலுக்கு வெளிய கொண்டு போய் புதைங்க, வரப்புல போடாதீங்க. மருந்த மட்டும் நம்பவும் கூடாது, டெக்ஸாஸ்ல சோளத்துல இந்த மருந்துக்கே அடங்காத பூஞ்சை இருபது வருஷத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. ரகத்துல எதிர்ப்பு இருக்கணும், அதுக்கு மேல மருந்து.

ஒரே மாதிரி ரகத்த ஊர் முழுக்க போடுறதோட ஆபத்து என்னன்னு 1970ல அமெரிக்கா பாத்துச்சு. ஆண் பூவ கையால ஒடிக்கிற கூலிய மிச்சம் பண்ண, மகரந்தமே வராத ஒரு தாய்வழி குணத்த, டெக்ஸாஸ் சைட்டோபிளாசம்னு பேரு, கிட்டத்தட்ட எல்லா கம்பெனியும் பயன்படுத்துனாங்க. நாட்டுல 85 சதவீத மக்காச்சோளம் அந்த ஒரே தாய்வழில நின்னுச்சு. அந்த குணத்தயே குறிவெக்கிற ஒரு இலைக்கருகல் பூஞ்சை வந்துச்சு, ஒரே சீசன்ல நாட்டு விளைச்சல்ல 15 சதவீதம் போச்சு, 100 கோடி டாலர் நஷ்டம். அதனால உங்க கிராமத்துல ஒரு ரகம் நல்லா வந்துச்சுன்னு எல்லாரும் அதையே போடுறத நான் விரும்ப மாட்டேன். ரெண்டு மூணு ரகமா பிரிச்சு போடுங்க.

படைப்புழு பத்தி உங்களுக்கு சொல்லவே வேண்டாம். ஆப்பிரிக்காவுக்கு 2016ல வந்து, இந்தியாவுல 2018 மே மாசம் சிவமொக்கால முதல்ல பாத்து, அந்த வருஷ புரட்டாசிப் பட்டத்துலயே பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல்னு சூறையாடிடுச்சு. தலைல தலைகீழ ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமா நாலு கருப்பு புள்ளி, அதுதான் அடையாளம். முட்டை 100, 200னு குவியலா மயிர் மூடுன மாதிரி இலைல இருக்கும், அப்பவே நசுக்கிட்டா ஒரு துளி மருந்து இல்லாம வேலை முடிஞ்சுது. புழு பெருசாகி குருத்துக்குள்ள போய் தன் எச்சத்தாலயே வாய அடைச்சுக்கிட்டா மேல அடிக்கிற மருந்து எதுவும் இறங்காது. அதனால முதல் 15, 20 நாள்ல வயல்ல நடங்க. கடைசி உழவுல ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு, பத்து வரிசைக்கு ஒரு வரிசை இடம் விடுறது (உள்ள நடந்து போய் பாக்குறதுக்கும் தெளிக்கிறதுக்கும்தான் அந்த வழி), வரப்போரம் தட்டப்பயறு, எள்ளு, சூரியகாந்தி, ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி. தேவைப்பட்டா எமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம், அடுத்த முறை குளோராந்த்ரனிலிபுரோல் 0.4 மில்லி இல்லன்னா ஸ்பினிடோரம் 0.5 மில்லி, குருத்துக்குள்ள விழுற மாதிரி, காலைலயோ சாயங்காலமோ அடிங்க. ஒரே மருந்த மறுபடி மறுபடி அடிக்காதீங்க. ரகத்துலயே தாங்குற குணம் கொண்டு வர்ற வேலையும் நடக்குது, கென்யாவுல கிபோக்கோல சிமிட்காரங்க புழுவ வளத்து செடில விட்டு சோதிச்சு, 2020 கடைசில ஆப்பிரிக்காவுக்கு மூணு ஹைபிரிட் அறிவிச்சாங்க. அது புழுவ கொல்லாது, சேதத்த குறைக்கும். ஜிஎம், அதாவது மரபணு மாத்துன, மக்காச்சோளத்துக்கு இந்தியாவுல சாகுபடி அனுமதி கிடையாது, யாராவது அப்படி விதை இருக்குன்னு சொன்னா வாங்காதீங்க.

அடுத்தது பூ எடுக்குற நேரம், 50ல இருந்து 65 நாள். ஆண் பூ முதல்ல விரியும், கதிர் முனைல பட்டு மாதிரி முடி ரெண்டு மூணு நாள் பிந்தி வரும். ஒவ்வொரு முடியும் ஒரு மணிக்கு. மகரந்தம் விழுந்து அந்த முடி வழியா இறங்குனாத்தான் அந்த மணி. செடி தண்ணிக்கு தவிச்சா ஆண் பூ நேரத்துக்கு வந்துடும், கதிர் முடி ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போகும், அது வெளிய வர்றப்ப வயல்ல மகரந்தமே இருக்காது. அந்த ரெண்டு வாரம் காய்ஞ்சா பாதி மகசூல் கூட போகலாம், அதுக்கு முன்ன பின்ன எவ்வளவு தண்ணி விட்டாலும் திரும்பாது.

இந்த இடைவெளியத்தான் பிரீடர்கள் பிடிச்சாங்க. மெக்சிகோவுல 1975ல இருந்து துக்ஸ்பெனோங்குற நாட்டு ரகத்த மழையே இல்லாத பருவத்துல போட்டு, பூக்கிறப்ப வேணும்னே தண்ணிய நிறுத்தி, அப்பவும் கதிர் முடி சீக்கிரம் வர்ற குடும்பங்கள மட்டும் பொறுக்கி எட்டு சுத்து ஓட்டுனாங்க. கடைசில வறட்சியிலயும் மகசூல் கூடுச்சு. செடி மொத்த எடை கூடல, வேர் அதிசயமா ஆழம் போகல, இருக்குற சத்த செடி ஆண் பூவுக்கு குடுக்காம கதிருக்கு குடுக்க கத்துக்கிச்சு, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவுக்கு போன வறட்சி தாங்குற ரகங்கள் பலதுக்கும் அடிப்படை இந்த வேலை. எனக்கு இந்தத் துறைல ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி இதுதான், ஒரு சின்ன விஷயத்த சரியா அளந்து பாத்து அதுமேல இருபது வருஷம் உழைச்சிருக்காங்க.

நீங்களே அளக்கலாம். முடி வந்து ஆறு நாள் கழிச்சு ஒரு கதிர ஒடிச்சு, மட்டைய பக்குவமா நீளவாக்குல கீறி உரிச்சு, அடிய பிடிச்சு மெதுவா உதறுங்க. மகரந்தம் சேந்த மணியோட முடி தானா கழண்டு விழும், சேராதது ஒட்டிக்கிட்டு நிக்கும். எத்தனை மணி பிடிச்சிருக்குன்னு அறுவடைக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே தெரிஞ்சிடும். அறுத்த கதிரும் பேசும். கதிர் முழுக்க அங்கொண்ணு இங்கொண்ணா மணி இருந்தா பூக்கும்போது தவிச்சிருக்கு. நுனி மட்டும் ரெண்டு விரல் மொட்டையா இருந்தா மணி பிடிச்சப்புறம் தண்ணியோ சத்தோ பத்தல. வரிசை எண்ணிக்கை எப்பவும் 12, 14, 16னு இரட்டைப்படைதான் வரும். அது வழக்கத்தவிட குறைஞ்சிருந்தா செடி முழங்கால் உயரத்துல இருக்குறப்பவே களையோ பட்டினியோ இருந்திருக்கு, ஏன்னா வரிசை அப்பவே முடிவாகிடும்.

உரத்த வேகமா சொல்லிடுறேன். இறவைல ஹைபிரிட்டுக்கு சிபாரிசு ஹெக்டேருக்கு 250, 75, 75 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து. ஏக்கருக்கு 65 கிலோ டிஏபி, 50 கிலோ பொட்டாஷ், 45 கிலோ மூட்டைல நாலு மூட்டைக்கு கொஞ்சம் மேல யூரியா. தழைச்சத்துல கால் பங்கு அடியுரம், பாதி 25வது நாள், மீதி 45வது நாள். மானாவாரில மழைய பாத்து குறைச்சுக்கணும், ஆனா முதல் மழைக்கே மொத்த யூரியாவையும் கொட்டுறது வீண், அந்த வயசுல செடிக்கு எடுக்க வாயே இல்ல. துத்தநாகம் கரிசல்ல பெரும்பாலும் பத்தாது, குருத்து இலை நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைப் பட்டையா போனா அதுதான். சிங்க் சல்பேட் 15 கிலோ மணலோட தூவுங்க, டிஏபியோட கலக்காதீங்க. பொட்டாஷ் வேண்டாம்னு விடுறவங்க வயல்லதான் பூத்த பிறகு தண்டு அழுகல் அதிகம். அறுவடைக்கு முன்ன பொசுக்குனு காய்ஞ்சு சாயுற செடியோட அடித்தண்ட பிளந்து பாருங்க, உள்ள நாரா பிரிஞ்சு கருப்பு புள்ளி புள்ளியா இருந்தா கரிக்கோல் அழுகல், பூவுக்கு அப்புறம் தண்ணியில்லாம வெயில் ஏறுனா வர்றது.

இப்ப உங்க முதல் கேள்வி, எந்த ரகம். கடைல மூட்டைக்கணக்கு கேக்காதீங்க. அடிச்சாம்பலுக்கு எப்படி, எத்தனை நாள், காத்துல சாயுமா, மட்டை கதிர் நுனி வரைக்கும் மூடியிருக்குமா, அறுக்கறப்ப செடி பச்சையா நிக்குமான்னு கேளுங்க. உங்களது மானாவாரின்னா 120 நாள் ரகத்தவிட 95, 100 நாள் ரகம் மழைக்குள்ள பூத்து தப்பிக்கும், போஸ்டர்ல அது சின்னதா தெரிஞ்சாலும் பரவால்ல. திண்டுக்கல் மாவட்டத்துல வாகரைல பல்கலைக்கழகத்தோட மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்கயும் கேட்டுப் பாருங்க.

அப்புறம் உங்க வயல்லயே பாருங்க. மூணு ரகம் எடுத்து, ஒவ்வொண்ணும் ஆறு வரிசை, வயல் முழு நீளத்துக்கு, ஒரே நாள்ல, ஒரே உரத்துல, இடம் இருந்தா வயலோட இன்னொரு பக்கத்துலயும் அதே மூணு. அறுக்கறப்ப ஓர வரிசைய விட்டுட்டு நடு நாலு வரிசைய தனியா அடிச்சு எடை போடுங்க, செடி எண்ணிக்கையும் எழுதிக்கங்க, இல்லன்னா ரகத்தால குறைஞ்சுதா செடி குறைஞ்சதாலயான்னு தெரியாது. ஈரத்தையும் மீட்டர்ல பாத்துக்கங்க, பிந்தி முத்துற ரகம் ஈரத்தோட எடை காட்டி ஏமாத்தும். 100ல இருந்து ஈர சதவீதத்த கழிச்சு, எடையால பெருக்கி, 86ஆல வகுத்தா 14 சதவீத ஈரத்துல வர்ற எடை கிடைக்கும். 20 சதவீத ஈரத்துல 3,000 கிலோன்னா உண்மைல 2,790தான். ரெண்டு பட்டம் இப்படி எழுதி வெச்சுட்டு அந்த நம்பரோட வந்து கேளுங்க தம்பி, அப்ப பேர் சொல்லியே பேசலாம்.